மண் சுவர்ப் பூச்சு மூன்றே நாளில் வெடித்துவிட்டது. சிமெண்ட் பூசச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

ஈரமண் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பச்சைக்கல்லில் (சுடாமல் வெயிலில் காயவைத்த மண் கல்) வீட்டுச் சுவர் எழுப்பி முடித்துவிட்டோம். கல் அறுத்தது முதல் அடுக்கியது வரை நானும் மனைவியும் கூடவே நின்று செய்த வேலை. அதனால் இந்தச் சுவர் மேல் கொஞ்சம் கூடுதலாகவே பாசம். இப்போது பூச்சில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

கல் அறுத்த அதே மண்ணைச் சலித்து, கொஞ்சம் வைக்கோல் நறுக்கிப் போட்டு, மிதித்துக் குழைத்து, மேற்குச் சுவரில் ஒரே கையாக ஓர் அங்குல கனத்துக்குப் பூசினோம். பூசிய அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் மதியம் மயிரிழைக் கோடுகள். மூன்றாம் நாள் வற்றிய ஏரி போலப் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. விரலை மடக்கித் தட்டினால் பல இடங்களில் பொள்ளலாகச் சத்தம் வருகிறது. ஒரு பாளத்தை நகத்தால் நெம்பினேன், தட்டு போல முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதன் முதுகுப்பக்கம் வழவழவென்று இருந்தது, மாவு மாதிரி தூசி மட்டும் ஒட்டியிருந்தது.

பார்க்க வந்த ஒரு கொத்தனார், "கம்பிவலை அடித்து சிமெண்ட் பூசிவிடலாம், அப்புறம் திரும்பியே பார்க்க வேண்டாம்" என்கிறார். மனசு ஒப்பவில்லை. ஆனால் மழைக்காலம் நெருங்குகிறது. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

---

கரணைக்காரன்

தம்பி, சிமெண்ட் மூட்டையை இப்போதைக்கு உள்ளே விடாதீர்கள். முதலில் நாலு கேள்வி.

பூசுவதற்கு முன் சுவரை நனைத்தீர்களா? நனைத்தீர்கள் என்றால் எவ்வளவு? சுவரைக் கீறிவிட்டீர்களா, இல்லை கல் அடுக்கிய மழமழப்பின் மேலேயே பூசினீர்களா? மணல் தனியாகச் சேர்த்தீர்களா? மேற்குச் சுவர் என்றால் பூசிய அன்றே மாலை வெயில் நேராக அடித்ததா?

பாளத்தின் முதுகில் தூசி ஒட்டியிருந்தது என்று எழுதினீர்களே, அது பெரிய துப்பு. பூச்சு சுவரைத் தொடவே இல்லை, தூசியைத்தான் தொட்டிருக்கிறது.

---

ஈரமண்

ஐயா, ஒரு வாளித் தண்ணீரைக் கையால் தெளித்தோம், அவ்வளவுதான். கீறவில்லை. மணல் சேர்க்கவில்லை, மண்ணிலேயே மணல் இருக்கிறது என்று நினைத்தோம். வெயில் நேராகத்தான் அடித்தது.

---

புற்றுமண்

அப்படியானால் விடை பாதி வந்துவிட்டது. மீதி உங்கள் மண்ணுக்குள் இருக்கிறது.

களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது, உருண்டையாக இல்லாமல் தகடு தகடாக இருக்கும். தண்ணீர் ஊற்றினால் அந்தத் தகடுகளுக்கு இடையில் நீர் புகுந்து அவற்றை விலக்கும். அதனால்தான் குழைத்த மண் வழுக்குகிறது, ஒட்டுகிறது. காயும்போது நீர் போய்விடும், தகடுகள் நெருங்கும், மண் சுருங்கும். சுவர் ஏற்கெனவே காய்ந்து நிற்பதால் அது சுருங்காது. பூச்சு மட்டும் சுருங்க இழுக்கும்போது வேறு போக்கிடம் இல்லாமல் வெடிக்கிறது. களி எவ்வளவு கூடுதலோ அவ்வளவு வெடிப்பு.

மணல் சுருங்காது. பூச்சின் எலும்பு மணல்தான். களி அதைக் கட்டிப்பிடிக்கிற பசை, வைக்கோல் நரம்பு. கல் அறுக்க ஏற்ற மண் பூச்சுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒரு கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கிவிடும். வண்டல் ஓரிரு மணி நேரத்தில் அதன் மேல் படியும். களி மிதந்து மிதந்து தெளிய ஒரு நாளும் ஆகலாம், பல நாளும் ஆகலாம். அடுக்குகளை அளந்தால் குத்துமதிப்பாக ஒரு கணக்கு கிடைக்கும். களி ஒரு பங்குக்கு மணல் மூன்று அல்லது நான்கு பங்கு என்பதுதான் பூச்சுக்கு நாம் தேடுவது. இந்த மூன்று, நான்கு என்பது மண்ணுக்குள் இருக்கும் களிக்கு. உங்கள் மண்ணுக்கு அல்ல. மண்ணில் ஏற்கெனவே மணல் இருப்பதால் வெளியிலிருந்து சேர்ப்பது குறையலாம். அதைச் சீசா சொல்லாது, சுவரில் பூசிப் பார்க்கும் ஒட்டுதான் சொல்லும்.

மண்ணின் குணமும் முக்கியம். கரிசல் வகையாக இருந்தால் அது ஈரத்தில் உப்பும், காய்ந்தால் பிளக்கும், மணலோடும் போராட்டம்தான். செம்மண் பொதுவாக அடங்கி நடக்கும்.

---

நிலைத்தகல்

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். சிமெண்ட் என்றாலே விஷம் என்கிற மாதிரி பேசுவது சரியில்லை. நான் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திய மண் கற்களில் வீடு கட்டியிருக்கிறேன். வெளிப்பக்கம் சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் மூன்றும் சேர்ந்த பூச்சு. பல மழை பார்த்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. மழை நெருங்கும்போது அவர் சோதனை செய்துகொண்டிருக்க முடியுமா?

---

கரணைக்காரன்

நீங்கள் சொல்வது உங்கள் சுவருக்குச் சரி. உங்கள் கல் அழுத்திய கல், உள்ளேயே சிமெண்ட் இருக்கிறது, நனைந்தாலும் குழையாது. இவருடையது வெறும் பச்சைக்கல். இரண்டும் வேறு சாதி, மருந்தும் வேறு.

நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்வதானால்: பூச்சு எப்போதும் சுவரைவிட வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும். அடி விழுந்தால் பூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும், சுவர் அல்ல. மழையில் கரைந்தால் பூச்சு கரையட்டும், மறுபடி பூசிக்கொள்ளலாம். சுவரைவிடக் கெட்டியான ஓட்டை மேலே மாட்டினால், உள்ளே நடப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

---

கோலமிட்டசுவர்

ஐயா சொன்ன அந்த "உள்ளே நடப்பதை" நான் கண்ணால் பார்த்தவள். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பழைய மண் வீட்டின் ஒரு பக்கச் சுவருக்கு, நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சிமெண்ட் பூசினார்கள். வெளியில் பார்க்க அப்படி ஒரு நேர்த்தி. சில வருடம் கழித்து தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்தது. அதன் மேல் மறுபடி பெயிண்ட் அடித்தோம். பிறகு சன்னலுக்குக் கீழே கோணலாக ஒரு விரிசல். அதில் சிமெண்ட் பாலை ஊற்றினோம். கடைசியில் ஒருநாள் சுவர் வயிறு தள்ளியதுபோல் தெரிந்ததும் உளி வைத்துத் தட்டிப் பார்த்தோம். சிமெண்ட் ஓடு அப்படியே பலகை போல வந்தது. உள்ளே இருந்த மண்ணில் என் கட்டைவிரல் முதல் கணு வரை இறங்கியது. ரொட்டிக்குப் பிசைந்த மாவு மாதிரி இருந்தது. ஓடு மட்டும் நிற்கிறது, சுவர் இல்லை. அன்று உடம்பெல்லாம் நடுங்கியது, அதன் பக்கத்தில்தான் குழந்தைகள் படுத்துத் தூங்குவார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றால், கீழிருந்து ஏறிய ஓதம், மேலே விரிசல் வழியாக இறங்கிய மழை, இரண்டும். மண் பூச்சாக இருந்திருந்தால் உள்ளே போன ஈரம் வெயில் வந்ததும் வெளியே போயிருக்கும். சிமெண்ட் அதை விடவில்லை. மண் சுவருக்குத் தண்ணீர் படுவது பிரச்சினை இல்லை, பட்ட தண்ணீர் திரும்பிப் போக முடியாததுதான் பிரச்சினை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில், தாவோசுக்குப் பக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ தே அசிஸ் என்று ஒரு பச்சைக்கல் தேவாலயம் இருக்கிறது. 1967இல் அதற்கு சிமெண்ட் பூசினார்கள். விரிசல் வழியே புகுந்த நீர் உள்ளேயே தங்கிச் சுவரைக் கெடுக்க, 1979இல் அத்தனையையும் உரித்துவிட்டு மறுபடி மண்ணும் வைக்கோலுமாகப் பூசினார்கள். இன்றும் அந்த ஊர் மக்கள் கூடிப் புதுப்பிக்கிறார்கள்.

---

நிலைத்தகல்

அக்கா எழுதியதைப் படித்தபின் என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். பச்சைக்கல் சுவருக்கு சிமெண்ட் வேண்டாம். ஆனால் மழை நேராக அடிக்கும் பக்கத்துக்கு வெறும் மண் போதுமா? சுண்ணாம்பு எங்கே வருகிறது?

---

கரணைக்காரன்

நல்ல கேள்வி. அதற்கு முன் கூரையையும் அடிமட்டத்தையும் பார்க்க வேண்டும். இறவாரம் நன்றாக வெளியே நீண்டு, சுவரின் அடி தரையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடியாவது கல்லிலோ சுட்ட செங்கல்லிலோ உயர்ந்து நின்றால், பூச்சுக்கு வேலையே பாதிதான். கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கிற தெறிப்புதான் பூச்சின் அடியை அரிக்கும். அங்கே சரளைக்கல் கொட்டி வையுங்கள், தெறிப்பு அடங்கும்.

இத்தனையும் இருந்தும் சாரல் அடிக்கிற முகம் இருந்தால் அங்கே சுண்ணாம்பு. அது சிமெண்ட் போல மூடாது, ஈரத்தை உள்ளேயும் விடும், வெளியேயும் விடும். மண் அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்தபின், அதில் கீறல் போட்டு, லேசாக நனைத்து, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்ற கணக்கில் மெல்லிய பூச்சு. கீறல் இல்லாமல் பூசினால் தகடாகக் கழன்று விழும். களியும் சுண்ணாம்பும் தானாக ஒட்டிக்கொள்ளும் உறவு இல்லை, பல் பிடித்துத்தான் நிற்க வேண்டும்.

சுண்ணாம்பு மண் போலக் காய்ந்து கெட்டியாவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் திரும்பச் சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. அதற்கு ஈரம் வேண்டும். ஒரு வாரமாவது நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு, வெயில் படாமல், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரத்தில் காய்ந்த சுண்ணாம்பு தடவினால் மாவாக உதிரும், அதை மறுபடி எழுப்ப முடியாது.

பூச்சு வேண்டாம் என்றால் நாலைந்து கை வெள்ளையடிப்பே நல்ல காப்பு. ஒவ்வொரு கையும் பால் போல மெல்லியதாக, முந்தைய கை காய்ந்தபின், சுவரை நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். தடிமனாக ஒரே கையில் அடித்தால் செதில் செதிலாக உரியும்.

---

புற்றுமண்

ஐயா விட்ட ஒன்று, இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள். சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றுவதானால் (தண்ணீரில் போட்டுக் குழைப்பதானால்), எப்போதும் தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும், இரும்புப் பீப்பாய் வேண்டும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். கண்ணில் தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

நீற்றியதைத் தண்ணீருக்கடியில் மூடி வைத்தால் கெடாது, நாள் ஆக ஆக வெண்ணெய் போலாகும். சுண்ணாம்பில் கடுக்காய் ஊறல், வெல்லம், சப்பாத்திக் கள்ளிச் சாறு சேர்ப்பது பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். எல்லாம் பயனுள்ளவையே, ஆனால் அளவு கைப்பழக்கம். முதல் முறை செய்பவர் வெறும் சுண்ணாம்பும் மணலும் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அதில் இறங்கலாம்.

---

கோலமிட்டசுவர்

உட்புறத்துக்குச் சுண்ணாம்பு தேவையே இல்லை, மண்ணாகவே விடுங்கள். மண் பூச்சு அறையின் ஈரப்பதத்தைத் தான் வாங்கி வைத்துக்கொண்டு, காற்று காய்ந்ததும் திருப்பித் தரும். ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகத்தில் கெர்னோட் மின்கே நடத்திய சோதனையில், காற்றின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டிலிருந்து 80க்கு உயர்த்தினால், பச்சைக்கல் சுவரின் மேல் ஒன்றரை சென்டிமீட்டர் கனம் மட்டுமே 48 மணி நேரத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிராம் நீரை இழுத்துக்கொண்டது. சுட்ட செங்கல் இழுத்தது 6 முதல் 30 கிராம்தான். மண் பூச்சின் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் அத்தனையும் போயிற்று, அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

சாணி பற்றி: அடிப்பூச்சுக்கு மண் ஐந்து பங்குக்குப் பச்சைச் சாணி ஒரு பங்கு போடுவேன். மாடு அரைத்த நார் எந்தக் கத்தியும் நறுக்க முடியாத அளவு மெல்லியது, அது மயிரிழை வெடிப்பைப் பிடித்து நிறுத்தும். அதிலுள்ள பசை தண்ணீரையும் கொஞ்சம் தள்ளும். கலந்து, மூடி, சில நாள் புளிக்க விடுங்கள். மணம் தூக்கும்தான், காய்ந்ததும் சுத்தமாகப் போய்விடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள்.

---

வேப்பநிழல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மண் பூச்சை எத்தனை வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்? அதை நினைத்துத்தான் நான் மண் வீட்டுப் பக்கமே போகாமல் இருக்கிறேன்.

---

கரணைக்காரன்

மழை நேராக அடிக்கிற சுவரா, இறவாரத்துக்குள் ஒளிந்த சுவரா என்பதைப் பொறுத்தது. உள்சுவர் கீறல் பட்ட இடத்தில் ஈரத்துணியால் தேய்த்துவிட்டாலே புதுசாகிவிடும். எத்தனையோ வருடம் அப்படியே நிற்கும். வெளிச்சுவருக்கு வருடம் ஒரு முறை மழைக்கு முன் சுற்றிப் பார்த்து, அரித்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டால் முழுசாகப் பூச வேண்டிய நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

மாலி நாட்டில் ஜென்னே ஊர்ப் பெரிய பள்ளிவாசல் 1907இல் இப்போதுள்ள வடிவில் எழுந்த மண் கட்டடம். ஆண்டுதோறும் ஊரே கூடி நெல் உமி கலந்து புளிக்கவைத்த மண்ணால் அதைப் பூசுகிறது. சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் பனங்கட்டைகளில் ஏறி நின்றுதான் பூசுவார்கள், சாரமே கட்டடத்தின் உடம்பில் இருக்கிறது. கட்டும்போதே மறுபடி பூசப்போவதை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் அதை ஒரு குறையாகப் பார்ப்பதில்லை.

ஒட்டுப் போடும்போது, உதிர்ந்த ஓரத்தைச் சரிவாகச் செதுக்கி, நன்றாக நனைத்து, முதலில் பூசிய அதே மண்ணால் போட வேண்டும். அதனால் முதல் பூச்சு மண்ணில் ஒரு மூட்டை உலர்த்தி எடுத்து வையுங்கள்.

---

ஈரமண்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, இப்போதுதான் திரும்ப வருகிறேன். மேற்குச் சுவரில் பூசியது முழுவதையும் தட்டி எடுத்துவிட்டோம். அதை வீணாக்கவில்லை, ஊறப்போட்டிருக்கிறோம்.

சீசாவில் பார்த்தபோது எங்கள் மண்ணில் களி எதிர்பார்த்ததைவிட நிறைய. பிறகு சுவரில் ஒரு முழம் சதுரத்தில் ஐந்து ஒட்டு பூசிப் பார்த்தோம். மண்ணும் மணலும் 1:1, 1:2, 1:3, 1:4. ஐந்தாவது 1:2உடன் சாணி. ஆணியால் ஒவ்வொன்றின் கீழும் எண் கீறி வைத்தோம்.

முதல் ஒட்டு பழையபடி வெடித்தது. 1:2இல் மெல்லிய கோடு இரண்டு. 1:3இல் ஒன்றுமே இல்லை, ஆணியால் கீறினால் தூள் கொஞ்சம்தான் வருகிறது. 1:4ஐ உள்ளங்கையால் தடவினால் மணல் கொட்டுகிறது. சாணி போட்ட 1:2இல் வெடிப்பும் இல்லை, உதிரலும் இல்லை, தட்டினால் சுவரின் சத்தமே வருகிறது.

சாணி ஒட்டையே எடுத்துக்கொள்ளலாமா? எத்தனை கை பூசுவது?

---

கரணைக்காரன்

தம்பி, இந்த ஐந்து சதுரமும்தான் உங்கள் கொத்தனார். ஐந்தாவதையே எடுங்கள்.

முதல் நாள் மாலை சுவரைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் தூசியைத் தட்டுங்கள். கல்லிடுக்குகளை விரல் நுழையும் அளவு சுரண்டிவிடுங்கள். தண்ணீரை மூன்று முறை இடைவெளி விட்டுத் தெளியுங்கள். சுவர் குடித்துக் குடித்து நிறம் கறுக்க வேண்டும், ஆனால் தண்ணீர் வழியக் கூடாது. மறுநாள் காலை இன்னொரு தெளிப்பு, அதன் மேல் மோர் பதத்தில் களிமண் குழம்பைத் தூரிகையால் தேய்த்து, அது காயுமுன்னே பூச்சு.

அடிப்பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வைக்கோல் இரண்டு விரற்கடை நீளம். கரணையால் தடவாமல், கையால் அடித்து அப்புங்கள், உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்துங்கள். இறுகுமுன் சீப்புப் பலகையாலோ ஆணி அடித்த கட்டையாலோ குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். இதில் மயிரிழைக் கோடு வந்தால் கவலையே வேண்டாம், மேல்பூச்சுக்கு அது பிடிப்பு.

முழுசாகக் காயட்டும். கையை வைத்தால் சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்தபின் நனைத்து, மெல்லிய சல்லடையில் சலித்த மண்ணும் மணலும் பொடி வைக்கோலுமாக மூன்று மில்லிமீட்டர் மேல்பூச்சு. அது தோல் போல இறுகும் நேரம் பார்த்து வழவழப்பான கூழாங்கல்லால் வட்டம் வட்டமாகத் தேய்த்தால் மெருகேறும். சீக்கிரம் தேய்த்தால் இழுத்துக்கொண்டு வரும், தாமதித்தால் கல் கீறும். அந்த நேரம் கைக்குத்தான் தெரியும்.

மேற்குச் சுவருக்கு மதியத்துக்கு முன்பே சாக்குப் படுதா கட்டிவிடுங்கள்.

---

கோலமிட்டசுவர்

சன்னல், கதவுச் சட்டம் சேரும் இடத்தில் பூச்சை மரத்தோடு ஒட்டிவிடாமல் கரணை முனையால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மரம் தன் போக்கில் அசையும், கோடு இல்லையென்றால் அங்கிருந்துதான் முதல் வெடிப்பு கிளம்பும். வெளி மூலைகளைக் கூராக விடாமல் உருட்டிவிடுங்கள். குளியலறையில் தண்ணீர் நேராக விழும் சுவருக்கு மண் பூச்சு வேண்டாம், அதற்குத் தனி ஏற்பாடு செய்யுங்கள்.

---

ஈரமண்

குறித்துக்கொண்டேன் அக்கா. சாணிக் கலவை மூன்றாம் நாளாகத் தார்ப்பாய்க்கு அடியில் புளிக்கிறது. மேற்கில் முதலில் கை வைக்காமல், வெயில் குறைந்த வடக்குச் சுவரில் நாளை மறுநாள் காலை தொடங்குகிறோம். இன்று மாலை தண்ணீர் தெளித்துப் பார்த்தபோது சுவர் மூன்றாம் தெளிப்பில்தான் கறுத்தது. ஐயா சொன்ன அந்த நிறம் எது என்று இப்போது புரிகிறது.

---

கரணைக்காரன்

வடக்கில் தொடங்குவது சரி. அடிப்பூச்சு காய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம், அவசரப்படுத்தாதீர்கள். உள்ளங்கை சில்லிப்பு போனதும் இங்கே எழுதுங்கள், மேல்பூச்சுக்கு மணல் சலிப்பது பற்றிச் சொல்கிறேன்.